மாப்பிள்ளைச் சம்பா வாங்கியாயிற்று: ஊறவைப்பதிலிருந்து தட்டில் விழும் அளவு வரை

கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, மயிலாடுதுறை என எந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போனாலும் பாரம்பரிய அரிசிக்கென்று இப்போது ஒரு மூலை இருக்கிறது. ஒரு கிலோ வாங்கி வருகிறோம். பொன்னி அரிசி வைக்கிற மாதிரியே குக்கரில் மூன்று விசில் விடுகிறோம். வேகவில்லை. வீட்டுப் பெரியவர் மெல்ல முடியாமல் தட்டை ஒதுக்குகிறார். பிள்ளைகள் நிறத்தைப் பார்த்தே வேண்டாம் என்கிறார்கள். மிச்ச அரிசி டப்பாவில் கிடந்து வண்டு பிடிக்கிறது. குற்றம் அரிசியில் இல்லை. அந்த அரிசி கேட்கிற நேரத்தையும் தண்ணீரையும் நாம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், நன்றாகச் சமைத்துவிட்டு, 'இது சத்தான அரிசிதானே' என்று இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொள்ளும் வீடுகளும் உண்டு. மூட்டையில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதைவிட, அந்த அரிசியை எவ்வளவு தீட்டியிருக்கிறார்கள், நாம் எவ்வளவு சாப்பிடுகிறோம், பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் உடம்புக்குக் கணக்கு. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையைப் பாருங்கள். 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் நார்ச்சத்து ஏறத்தாழ 2.8 கிராம், புழுங்கலரிசியில் 3.7 கிராம், தீட்டாத அரிசியில் 4.4 கிராம். வித்தியாசம் உண்மைதான். ஆனால் ஒரு வேளைக்கு 75 கிராம் அரிசி வைத்துக் கணக்குப் போட்டால், பச்சரிசிக்கும் தீட்டாத அரிசிக்கும் நடுவே கூடுவது 1.2 கிராம் நார்தான். அதே வேளையில் 30 கிராம் முழுப் பாசிப்பயறைச் சுண்டலாகச் சேர்த்தால் 5 கிராம் வந்துவிடும். அரிசியை மாற்றுங்கள், நல்லது. அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

கடையில் நின்று பார்க்க வேண்டியது

நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடி மீட்டவர். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கிப் போன உழவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்ற ஏற்பாட்டால் அந்த ரகங்கள் வயலுக்கு வயல் பரவின. அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய நெல்லை ஆலையில் வெள்ளையாகத் தீட்டிவிட்டால், நிறமும் நாரும் எண்ணெய்ச் சத்தும் தவிட்டோடு மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடும். பெயர் மட்டும் மிஞ்சும். ஆகவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, 'தீட்டாததா, ஒரு பாலிஷா, இரண்டு பாலிஷா?' என்பதுதான்.

கேட்க முடியாவிட்டால் கண்ணால் பார்க்கலாம். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், காட்டுயானம் போன்ற சிவப்பு அரிசியை உள்ளங்கையில் பரப்புங்கள். மணி முழுக்கச் சிவப்பாக இருந்தால் தவிடு இருக்கிறது. வெள்ளை மணியில் சிவப்பு வரி வரியாக ஓடினால் பாதி தீட்டியது. மணியை ஒடித்துப் பாருங்கள்: சிவப்பு ரகத்திலும் கருப்புக் கவுனியிலும் நிறம் மேல்தோலில்தான் இருக்க வேண்டும், உள்ளே வெளிறியிருக்கும். கருப்புக் கவுனி ஊறும்போது தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். அது சாயமில்லை, அதன் இயல்பு. ஒரு தடவை அலசியதுமே தண்ணீரில் நிறம் கொட்டி, மணி வெளுத்துப்போனால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது மணம். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. அது காற்றும் வெப்பமும் பட்டால் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும். அதனால் தீட்டாத அரிசியை ஒரு மாதத்துக்கு ஆகிற அளவு மட்டும் வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு மூட்டையாக வாங்கிப் போடும் பழக்கம் பொன்னிக்குச் சரி, இதற்குச் சரிவராது. புழுங்கலாக இருந்தால் பச்சையைவிடக் கொஞ்சம் கூடுதல் நாள் தாங்கும். அவிக்கும்போதே எண்ணெயைக் கெடுக்கும் நொதி அடங்கிவிடுகிறது. நெல்லாக அவிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. தவிட்டிலுள்ள பி வைட்டமின்களில் ஒரு பங்கு மணிக்குள் இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் முழுக்கப் போகாது. நம் ஊர்ப்பக்கத்து வீடுகளில் அன்றாடச் சோற்றுக்குப் புழுங்கலரிசி என்று வைத்திருந்தது நல்ல வழக்கம். அதை விடவேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் வெயிலில் காய வைக்காதீர்கள், நிழலில் ஒரு மணி நேரம் உலர்த்தினால் போதும். இறுக்க மூடும் டப்பாவில் காய்ந்த மிளகாயும் நன்கு உலர்ந்த வேப்பிலையும் போட்டு வையுங்கள். குளிர்பதனப் பெட்டியில் இடமிருந்தால், வாங்கிய பொட்டலத்தை அப்படியே உறைபெட்டியில் நான்கு நாள் வைத்து எடுங்கள். வண்டு முட்டை செத்துவிடும். எடுத்ததும் உடனே பிரிக்காமல், வெளி வெப்பத்துக்கு வந்த பிறகு பிரிக்க வேண்டும். இல்லையென்றால் வியர்த்து ஈரம் கோத்துக்கொள்ளும்.

சம்பா அறுவடை தை, மாசியில். பங்குனியில் கைக்கு வருகிற அரிசி புதுசு, தண்ணீரைக் குறைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் குழையும். அடுத்த ஐப்பசியில் வாங்கினால் அதே ரகம் கால் டம்ளர் தண்ணீர் கூடுதலாக இழுக்கும். கீழே சொல்லும் அளவுகளை இதற்கேற்ப நீங்கள்தான் கூட்டிக் குறைக்க வேண்டும்.

வேகவைப்பது

ஆழாக்கும் படியும் ஊருக்கு ஊர் கொஞ்சம் வேறுபடுவதால், 200 மில்லி பிடிக்கிற ஒரு டம்ளரை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். தலைதட்டி அளந்தால் ஏறக்குறைய 160 கிராம் அரிசி நிற்கும். உட்கார்ந்து வேலை செய்யும் இரண்டு பேருக்கு ஒரு வேளைக்கு அது போதும்.

தீட்டாத மாப்பிள்ளைச் சம்பாவுக்கு முறை இது. இரண்டு தடவை மெதுவாக அலசி, இரவே ஊறப்போடுங்கள். குறைந்தது 8 மணி நேரம். சித்திரை வெயிலில் வெளியே வைத்தால் காலையில் புளித்த வாடை வரும், அந்த நாட்களில் குளிர்பதனப் பெட்டியில் ஊறட்டும். ஒரு டம்ளர் அரிசிக்கு மொத்தம் மூன்றரை டம்ளர் தண்ணீர். ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அந்தக் கணக்கிலேயே சேருங்கள்; கரைந்த சத்து அதில் இருக்கிறது. வாடை வந்திருந்தால் மட்டும் கொட்டுங்கள். குக்கரில் முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிறுதீயில் வைத்து 20 முதல் 25 நிமிடம். பிறகு அணைத்துவிட்டு, ஆவி தானாக அடங்கும்வரை திறக்கக் கூடாது. அந்தப் பத்து நிமிடத்தில்தான் நடுமணி வேகிறது. விசிலைத் தூக்கி ஆவியை வெளியேற்றித் திறந்தால் மேலே குழைந்தும் உள்ளே நறுக்கென்றும் இருக்கும்.

கருப்புக் கவுனிக்கு 10 மணி நேர ஊறலும், நான்கு டம்ளர் தண்ணீரும், சிறுதீயில் 30 நிமிடமும் வேண்டும். கொஞ்சம் பிசுக்குத்தன்மை உள்ள அரிசி, உதிரியாக வராது, அதை எதிர்பார்க்க வேண்டாம். பூங்காருக்கு 6 மணி நேர ஊறல், மூன்றேகால் டம்ளர் தண்ணீர். காட்டுயானம் எல்லாவற்றிலும் முரடு. சோறாக வைப்பதைவிடக் கஞ்சிக்கு ஏற்றது. ஒரு பாலிஷ் கிச்சிலிச் சம்பா, தூயமல்லி இரண்டும் பொன்னிக்குப் பக்கத்தில் வரும். முக்கால் மணி நேரம் ஊறினால் போதும், இரண்டரை முதல் மூன்று டம்ளர் தண்ணீர், நான்கு விசில். பழகாத வீடு இந்த இரண்டில் தொடங்குவதே நல்லது. நேராகக் காட்டுயானத்துக்குப் போய்த்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

வழக்கமாக எங்கே தவறுகிறது? குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்புவது முதல் தவறு. தவிட்டோடு உள்ள அரிசி பொங்கி நுரைக்கும். நுரை விசில் ஓட்டையை அடைத்தால் ஆபத்து. பாதிக்குக் கீழே நிறுத்தி, நான்கு சொட்டு நல்லெண்ணெய் விடுங்கள். இரண்டாவது, பொன்னியையும் மாப்பிள்ளைச் சம்பாவையும் ஒன்றாகப் போட்டு வேகவைப்பது. ஒன்று கூழாகும், மற்றது கல்லாக நிற்கும். தனித்தனியாக வடித்து, சூடாக இருக்கும்போது கலந்துகொள்ளுங்கள், முதல் இரண்டு வாரம் கால் பங்கு, அப்புறம் பாதி. மூன்றாவது, தண்ணீர். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் நிலத்தடி நீர் கடினமானது. அதில் அரிசியும் மெதுவாக வேகும், பருப்பு அதைவிட மெதுவாக வேகும். குடிக்க வாங்கும் தண்ணீரில் ஊறவைத்தும் வேகவைத்தும் பாருங்கள், வித்தியாசம் அன்றே தெரியும். புளியையும் எலுமிச்சையையும் வெந்த பிறகே சேர்க்க வேண்டும், புளிப்பு பட்டால் வேகாமல் விறைத்துக்கொள்ளும்.

பல் இல்லாதவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் முழு அரிசி வேண்டாம். கழுவி நிழலில் உலர்த்திய அரிசியை மிக்சியில் இரண்டு மூன்று சுற்று மட்டும் ஓட்டி நொய்யாக்குங்கள். ஒரு பங்கு நொய்க்கு எட்டுப் பங்கு தண்ணீர், நாலு பல் பூண்டு, அரைக் கரண்டி வெந்தயம், சீரகம் சேர்த்துத் திறந்த பாத்திரத்தில் 25 நிமிடம் கிளறிக்கொண்டே வேகவைத்து, இளஞ்சூட்டில் மோர் கலந்தால் நல்ல கஞ்சி. நொய் எவ்வளவு பொடிகிறதோ அவ்வளவு விரைவாகச் செரித்துச் சர்க்கரை ஏறும். நீரிழிவு உள்ளவர்களுக்கு மாவாக அரைத்த கஞ்சியைவிட நொய்யும், நொய்யைவிட முழுச் சோறும் மேல்.

வடித்த கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றுகிற பழக்கம் பெருகிவிட்டது. அதில் பி வைட்டமினும் மாவுச்சத்தும் இருக்கிறது. உழைக்கிறவர்களுக்கு உப்பும் மோரும் கலந்து கொடுங்கள். சர்க்கரை நோய் இருப்பவர் வடித்த சோற்றைச் சாப்பிட்டு அந்தக் கஞ்சியையும் குடித்தால், வடித்ததற்குப் பொருளில்லாமல் போகும்.

இட்லிக்கும் தோசைக்கும்

இட்லியில் பாரம்பரிய அரிசியைப் பாதிக்கு மேல் சேர்த்தால் கெட்டியாகிவிடும். தவிட்டுத் துகள்கள் மாவிலுள்ள காற்றுக் குமிழிகளை உடைத்துவிடுவதுதான் காரணம். இரண்டு டம்ளர் இட்லி அரிசி, இரண்டு டம்ளர் மாப்பிள்ளைச் சம்பா, ஒரு டம்ளர் முழு உளுந்து, ஒரு சிறு கரண்டி வெந்தயம் என்பது கைக்கு வசப்படும் அளவு. மாப்பிள்ளைச் சம்பா தனியாக இரவு முழுக்க ஊறட்டும். இட்லி அரிசிக்கு நாலு மணி நேரம், உளுந்துக்கு ஒரு மணி நேரம் போதும். உளுந்து அதிகமாக ஊறினால் பொங்காது. நம் பகுதியில் சம்பா, தாளடி நெல் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே வயல் ஈரத்தில் உளுந்தும் பாசிப்பயறும் தெளித்துவிடுவார்கள். பங்குனி, சித்திரையில் அது காய்ந்து வீட்டுக்கு வரும். அந்தப் புது உளுந்து நன்றாகக் காணும், முக்கால் டம்ளரே போதும். பழைய உளுந்தென்றால் கால் டம்ளர் கூட்டிக்கொள்ளுங்கள்.

அரிசியை நைசாக அரைக்காமல் ரவைப் பதத்தில் எடுங்கள். கோடையில் 6 முதல் 8 மணி நேரத்தில் பொங்கும், மார்கழியில் 12 மணி நேரமும் ஆகும். சோடா உப்பு போட வேண்டாம். அது தயமின் என்ற பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். தோசைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, நான்கு டம்ளரும் பாரம்பரிய அரிசியாகவே போடலாம். கல் காய்ந்த பிறகு மெல்லியதாக ஊற்றி, மூடி வேகவிட வேண்டும்.

ரேஷன் அரிசி சாப்பிடுகிறவர்களுக்கு

பாரம்பரிய அரிசி விலை கூடியது. வாங்க முடியாதவர்கள் ஏதோ இழந்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. ரேஷனில் வரும் புழுங்கலரிசி, மேலே சொன்ன கணக்குப்படி, கடையில் கிடைக்கும் வெள்ளைப் பச்சரிசியைவிட நார்ச்சத்தில் மேல். அதில் நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் செறிவூட்டிய அரிசி மணிகள் கலந்திருக்கலாம். அரிசி மாவோடு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மணி வடிவில் அச்சிட்டவை அவை. கழுவும்போது சில மணிகள் மிதப்பதைப் பார்த்து 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறிகிறார்கள். எறிய வேண்டாம். ஐந்தாறு தண்ணீர் விட்டுக் கசக்கிக் கழுவாமல், இரண்டு தண்ணீரில் நிறுத்துங்கள். தலசீமியா போன்ற ரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் இரும்புச் சத்துக் கூடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்று சுற்றுச் சோறு

நம் சாப்பாட்டில் அளவு மீறுவது பசியால் மட்டுமல்ல, பரிமாறும் வரிசையாலும்தான். குழம்புக்கு ஒரு சுற்று, ரசத்துக்கு ஒரு சுற்று, மோருக்கு ஒரு சுற்று. வத்தக்குழம்பு இருந்தால் நாலு. ஒவ்வொரு சுற்றுக்கும் சோறு புதிதாக விழுகிறது. முதல் சுற்றில் எவ்வளவு போட்டோம் என்பது மூன்றாவது சுற்றில் யாருக்கும் நினைவிருப்பதில்லை.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படுகிறவருக்குத் தானியம் மொத்தமே 250 கிராம் என்கிறது. காலை மூன்று இட்லி, இரவு இரண்டு தோசை போக, மதியத்துக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 80 முதல் 100 கிராம் அரிசி. வெந்தால் 200 முதல் 270 கிராம் சோறு வரும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்களுக்கு இது போதாது. உழைப்புக்கேற்பக் கூட்டிக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கு மேசையிலும் கடையிலும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மூன்று சுற்றுக்கும் ஆகிற சோற்றை முதலிலேயே தட்டில் ஒரே தடவையாகப் போட்டு, கையால் மூன்றாகப் பிரித்து வையுங்கள். பாதி குழம்புக்கு, மீதியில் பாதி ரசத்துக்கு, கடைசிப் பங்கு மோருக்கு. ஒரு வாரம் கழித்து ரசத்தைப் பிசையாமல் டம்ளரில் குடித்துப் பாருங்கள். சோறு பிசையும் முன் பொரியலையும் கூட்டையும் பாதி சாப்பிட்டுவிட்டுத் தொடங்கினால் சர்க்கரை ஏறும் வேகமும் குறையும், இரண்டாவது தடவை சோறு கேட்கும் மனமும் குறையும். வீட்டில் அம்மாவோ பாட்டியோ பரிமாறினால், 'போதும்' என்று சொல்லித் தடுப்பது அவர்களை வருத்தும். அவர்களிடம் முன்கூட்டியே, 'காயைக் கூட வையுங்கள், சோற்றை நான் போட்டுக்கொள்கிறேன்' என்று சொல்லிவிடுவது எளிது.

பருப்பு எங்கே போயிற்று?

அதே வழிகாட்டுதல் ஒரு நாளைக்கு 85 கிராம் பருப்பு, பயறு சொல்கிறது. நாலு பேர் வீட்டில் சாம்பாருக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு போட்டால் ஆளுக்கு 20 கிராம்தான் வரும். இட்லி, தோசையில் உளுந்து 15 கிராம். கூட்டில் பாசிப்பருப்பு 15 கிராம். மிச்சம் 35 கிராம் எங்கிருந்து வரும்? சுண்டலிலிருந்துதான் வர வேண்டும். நவராத்திரிக்கும் கோயில் பிரசாதத்துக்கும் மட்டும் செய்வதை அன்றாடம் மாலை நாலு மணிக்குக் கொண்டுவந்துவிட்டால் பஜ்ஜியும் பிஸ்கட்டும் தானாகக் குறையும்.

பாசிப்பயறு 6 மணி நேரம், தட்டைப்பயறு 6 மணி நேரம், கொண்டைக்கடலை 10 மணி நேரம் ஊற வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். வயிற்றில் வாயு கட்டுவது குறையும். ஒரு பெருங்காயத் துண்டும் இஞ்சியும் சேருங்கள். உப்பைக் கடைசியில் போட்டால் போதும். பழக்கமில்லாதவர்கள் முதல் வாரம் ஒரு கைப்பிடிக்கு மேல் போக வேண்டாம். குடல் பழகுவதற்கு இரண்டு வாரம் ஆகும்.

மீன் சாப்பிடும் வீடுகளில் பருப்பில் ஒரு பங்கை மீனால் ஈடு செய்யலாம். நாகப்பட்டினம் கரையில் வரும் மத்தி, நெத்திலி போன்ற சின்ன மீன்கள் விலை மலிவு, ஒமேகா-3 கொழுப்பும் முள்ளோடு சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. பொரிப்பதைவிடக் குழம்பில் போடுவது மேல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது பல வீடுகள் கருவாட்டுக்கு மாறும். கருவாட்டை வெந்நீரில் பத்து நிமிடம் போட்டுக் கொட்டி, இன்னொரு தடவையும் அப்படியே செய்தபின் குழம்பில் சேருங்கள், உப்பு நன்றாகக் குறையும். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. மோர்மிளகாயும் அப்பளமும் ஊறுகாயும் ஒரே தட்டில் இருந்தால் அது மதியத்திலேயே முடிந்துவிடும்.

வயல் வரப்பும் வாழைக்கொல்லையும்

காய்கறி, கீரை ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் என்றால் பலர் மலைக்கிறார்கள். ஆனால் வாழை பயிராகும் காவிரிக்கரை ஊர்களில் பூவும் தண்டும் காயும் சல்லிசு. வாழைப்பூவில் ஒவ்வொரு மடலுக்கும் உள்ளே இருக்கும் சிறு பூக்களிலிருந்து கள்ளன் என்கிற விறைத்த காம்பையும் கண்ணாடி போன்ற செதிலையும் எடுத்துவிட்டு, நறுக்க நறுக்க நீர்மோரில் போட்டால் கறுக்காது. கள்ளனை எடுக்காமல் சமைத்தால் எவ்வளவு வேகவைத்தாலும் நறநறக்கும். தண்டை வில்லையாக அரியும்போது வரும் நாரை விரலில் சுற்றி எடுத்துவிட்டுப் பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம். தண்டைச் சாறாக வடிகட்டிக் குடித்தால் நார்ச்சத்து சக்கையோடு போய்விடும்.

வயலில் ஆரைக்கீரையும், வாய்க்கால் ஓரத்தில் பொன்னாங்கண்ணியும் கரிசலாங்கண்ணியும் இன்னும் முளைக்கின்றன. களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ தெளித்த வயலில் பறிக்காதீர்கள், வயல்காரரிடம் கேட்டுவிட்டுப் பறியுங்கள். முருங்கைக்கீரையை வதக்கி இறக்கியதும் எலுமிச்சம்பழம் பிழிந்தால் இரும்புச் சத்து உடம்பில் கூடுதலாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு காப்பியோ டீயோ குடித்தால் ஒட்டுவது குறைந்துபோகும். ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு இந்த ஒரு மணி நேரம் மிக முக்கியம்.

எண்ணெய்க்கு ஒரு கணக்கு: ஆளுக்கு நாளொன்றுக்கு 27 கிராம், நெய்யும் சேர்த்து. நாலு பேர் வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர். செக்கு நல்லெண்ணெய் என்பதால் அளவு கூடலாம் என்றில்லை.

பழைய சோறு

வடித்த புழுங்கலரிசிச் சோறுதான் இதற்கு ஏற்றது. குக்கரில் குழைந்த சோறு காலையில் வழவழக்கும். இரவுச் சோறு கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், காய்ச்சி ஆறிய தண்ணீரை இரண்டு விரல் உயரம் மேலே நிற்கும்படி ஊற்றி, மண்சட்டியில் துணி கட்டி வையுங்கள். கோடையில் 8 மணி நேரம், குளிர்நாளில் 12. உப்பைக் காலையில் போடுங்கள். குழம்புக் கரண்டியை அதில் விடக் கூடாது. மதியச் சோற்றை நாள் முழுக்க வெளியே வைத்துவிட்டு இரவில் தண்ணீர் ஊற்றுவது தவறு. அந்த நேரத்தில் பெருகும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு, சூடுபடுத்தினாலும் போகாது. லேசான புளிப்பு மணம் சரி. நூல் விட்டாலோ, கெட்ட வாடை வந்தாலோ, நிறம் மாறினாலோ கொட்டிவிடுங்கள். கர்ப்பிணிகளும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் தவிர்ப்பது நல்லது.

ஆறிய சோற்றில் மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வகையாக மாறும் என்பது உண்மை. ஒரு பகுதிதான். இரண்டு சட்டி சாப்பிட்டால் சர்க்கரை ஏறவே செய்யும்.

பெயரில் மட்டும் சத்து

கருப்புக் கவுனி அல்வா, மாப்பிள்ளைச் சம்பா லட்டு, சிறுதானிய நூடுல்ஸ் எல்லாம் கடைகளில் அடுக்கப்பட்டுள்ளன. இனிப்பு என்று தெரிந்து எப்போதாவது சாப்பிடலாம், சத்துணவு என்று நினைத்துப் பிள்ளைகளுக்கு அன்றாடம் கொடுக்கக் கூடாது. நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும் தேனும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் சேரும். பொட்டலத்தைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எடை அதிகமுள்ளது முதலில் வர வேண்டும் என்பது சட்டம். முதலில் மைதா, நாலாவதாகக் கவுனி என்றிருந்தால் நீங்கள் வாங்குவது மைதா. 'கஞ்சி மாவு' பொட்டலங்களில் சர்க்கரையோ மால்ட்டோடெக்ஸ்ட்ரினோ (மாவுச்சத்தைச் சிதைத்துச் செய்யும் பொடி) முதல் மூன்று இடங்களுக்குள் இருந்தால் வைத்துவிடுங்கள்.

எந்த அரிசியும் நீரிழிவைக் குணப்படுத்தாது. அப்படி எழுதி விற்பவரை நம்பி மருந்தை நிறுத்தியவர்கள் பாதத்திலும் கண்ணிலும் அதன் விலையைக் கொடுத்திருக்கிறார்கள். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குத் தீட்டாத அரிசியிலும் பயறிலும் உள்ள பொட்டாசியமும் பாஸ்பரசும் கூடுதலாகிவிடலாம். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாறவே கூடாது.

உங்களுக்கு எந்த அரிசி ஒத்துக்கொள்கிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். குளுக்கோமீட்டர் இருந்தால், மூன்று நாள் மதியம் வழக்கமான அரிசியை 200 கிராம் சோறாக நிறுத்து, அதே அளவு குழம்பும் காயும் வைத்துச் சாப்பிடுங்கள். முதல் வாய் எடுத்த நேரத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்து எழுதுங்கள். அடுத்த மூன்று நாள் அதே 200 கிராம், அதே வகைக் காய், அரிசி மட்டும் மாப்பிள்ளைச் சம்பா. அதற்கடுத்த மூன்று நாள், பழைய அரிசியே 150 கிராம், கூடவே ஒரு கிண்ணம் சுண்டலும், சாப்பிட்டபின் பதினைந்து நிமிட நடையும். ஒன்பது எண்களையும் தேதியோடு ஒரே தாளில் எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது எடுத்துச் செல்லுங்கள். மாத்திரையைக் குறைப்பதா வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும்.